மீத்தேன் சூடானால் கரி எங்கே படியும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அடுப்புச் சுடரைப் பற்றி எழுதும்போது, "காற்று படாமல் சூடாக்கினால் மீத்தேன் கரியாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. உர ஆலையில், அமோனியா பிரிவில், ரிஃபார்மர் உலையை ஒட்டியே என் உத்தியோக காலம் கழிந்தது. மீத்தேனையும் நீராவியையும் சேர்த்து, அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை எடுக்கும் உலை அது. இந்தக் கரி வந்துவிடக் கூடாதே என்றுதான் அங்கே நாங்கள் இரவு பகலாகக் காவல் இருந்தோம். அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, காரைக்குடி: ப்ராஜெக்டுக்காகக் குவார்ட்ஸ் குழாயில் மீத்தேனை விட்டு 700 டிகிரி வரை சூடாக்குகிறோம். குழாய்ச் சுவர் சுத்தமாக இருக்கிறது. உள்ளே செருகியிருக்கும் தெர்மோகப்பிளின் (சூட்டை அளக்கும் கம்பியின்) உலோக உறை மட்டும் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டும் தூள் படிகிறது. சுமார் 550 டிகிரிக்கு மேல் மீத்தேன் பிரியும் என்கிறது பாடப்புத்தகம். பின் ஏன் குழாயில் ஒன்றுமே இல்லை?

புத்தகமும் சரி, உங்கள் குழாயும் சரி. மீத்தேன் எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் அந்த 550 சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் என்பதற்கு அது பதில் சொல்லாது.

ஒரு மோல் மீத்தேன் கரியாகவும் இரண்டு மோல் ஹைட்ரஜனாகவும் பிரிய, மொத்தத்தில் உள்வாங்குவது சுமார் 75 கிலோஜூல். ஆனால் முதல் ஹைட்ரஜனைப் பிய்த்தெடுக்க மட்டும் ஏறக்குறைய 440 கிலோஜூல் வேண்டும். கார்பன் அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே அளவு இறுக்கத்தோடு நிற்கின்றன. பிடித்து இழுக்க இளைத்த இடம் ஒன்றும் இல்லை. வெறும் குவார்ட்ஸ் குழாயில் சில நொடிகள் தங்கிப் போகிற மீத்தேன், 700 டிகிரியில் அநேகமாக வந்தபடியே வெளியேறிவிடும். 1,000 டிகிரியைத் தாண்டினால்தான் வெறும் வெப்பத்துக்கு அது கண்ணுக்குத் தெரியும் அளவில் மசியும்.

மசிந்த பிறகும் உடனே கரி விழாது. ஹைட்ரஜனை இழந்த மீத்தைல் துண்டுகள் இரண்டு சேர்ந்து ஈத்தேன் ஆகும். அது ஹைட்ரஜனை விட்டு எத்திலீன் ஆகும், பிறகு அசிட்டிலீன். அவை கூடி பென்சீன் வளையம். வளையத்தோடு வளையம் ஒட்டிப் பெரிய தட்டையான மூலக்கூறுகள். இவற்றில் ஒரு பங்கு வாயுவிலேயே திரண்டு புகைக்கரித் துகளாகிறது. இன்னொரு பங்கு சூடான சுவரில் போய் ஒட்டுகிறது. 1,100 டிகிரிக்கு உங்கள் உலை போகுமானால் ஒருமுறை செய்து பாருங்கள். குவார்ட்ஸ் சுவரில் வெள்ளிச் சாயல் கலந்த சாம்பல் நிறத்தில், முகம் தெரிகிற மினுமினுப்போடு ஒரு மெல்லிய ஏடு படியும். விரலால் தேய்த்தால் வராது. விமானங்களின் கார்பன் பிரேக் தட்டுகளைச் செய்வதும் இந்த ஏட்டை வைத்துத்தான். கார்பன் இழைகளால் பின்னிய அச்சை 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, மீத்தேனை மெதுவாக உள்ளே விட்டு, இழைகளுக்கிடையிலுள்ள இடுக்குகளை வாரக்கணக்கில் நிரப்புகிறார்கள்.

தெர்மோகப்பிள் உறையில் நடப்பது வேறு. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது இன்கோனலாக இருக்கும். இரண்டிலும் இரும்பும் நிக்கலும் உண்டு. நிக்கல் பரப்பில் இறங்கும் மீத்தேன் தன் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக அந்த உலோகத்திடம் விட்டுவிடுகிறது. மிஞ்சிய கார்பன் அணு பரப்பிலேயே தங்குவதில்லை. நிக்கலுக்குள் கரைந்து, ஊடுருவி, மறுபக்கத்தில் கிராஃபைட் அடுக்காக வெளியே வருகிறது. அப்படி வரவர, நுனியில் நிக்கல் துகளைச் சுமந்தபடி ஒரு நுண்ணிய இழை வளர்கிறது. இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் பேக்கர் என்பவரும் கூட்டாளிகளும் நிக்கல்மேல் அசிட்டிலீனை விட்டு, இழை வளர்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நேராகவே பார்த்து 1972-ல் எழுதினார்கள். இழை வளரும் வேகம், நிக்கலுக்குள் கார்பன் ஊடுருவும் வேகத்தோடு ஒத்துப்போவதையும் அவர்கள் காட்டினார்கள். உங்கள் விரலில் ஒட்டிய தூளும் பெரும்பாலும் இந்த இழைகளின் கூட்டம்தான். உங்கள் துறையில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தால் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். நுனியில் நிக்கல் தெரிகிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.

இரண்டு யோசனைகள். தெர்மோகப்பிளைக் குழாய்க்கு வெளியே கட்டுங்கள், அல்லது அலுமினா உறைக்குள் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது மீத்தேனின் வேகமாக இருக்காது, உறையின் வேகமாக இருக்கும். படிந்த கரியைக் காற்றில் எரிக்கும் முன் நைட்ரஜனை விட்டு மீத்தேன் முழுவதையும் வெளியேற்றுங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். இதில் மட்டும் யாருக்காகவும் அவசரப்படாதீர்கள்.

ஓர் இளம் ஆபரேட்டர் (ஊரும் ஆலையும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்): அமோனியா ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஸ்டீம் கொஞ்சம் குறைந்தாலே ரிஃபார்மர் டிரிப் ஆகி (தானாக நின்று) விடுகிறது, ஃபீட் (உள்ளே போகும் எரிவாயு) நின்றுவிடுகிறது. மறுபடி எடுக்க ஒரு ஷிப்டு போய்விடுகிறது. கொஞ்சம் கரி படிந்தால்தான் என்ன, பிறகு எரித்துக்கொள்ளலாமே? ஏன் இத்தனை அவசரம்?

தம்பி, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் உலையில் தொங்கும் ஒவ்வொரு டியூபும் 10 முதல் 12 மீட்டர் நீளம், உள்விட்டம் சுமார் 10 சென்டிமீட்டர். உள்ளே நிக்கல் பூசிய பீங்கான் போன்ற கேட்டலிஸ்ட் (வினையூக்கி) வில்லைகள். மேலே 500 டிகிரியை ஒட்டிய சூட்டில், 30 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், மீத்தேனும் ஸ்டீமும் நுழைகின்றன. கீழே 800 டிகிரியில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக வெளியேறுகின்றன. ஒரு மீத்தேனுக்கு ஒரு ஸ்டீம் இருந்தால் கணக்குப்படி போதும். ஆனால் நாம் கொடுப்பது மூன்று பங்கு. மிச்சத்தில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. ஆனால் மூன்று பங்கு வைத்ததன் முக்கியக் காரணம் கரியைத் துடைப்பது.

ரிஃபார்மரில் கரி வராத நேரமே இல்லை என்பதை மனதில் வையுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும், நிக்கல் பரப்பில் ஒவ்வொரு நொடியும் கார்பன் அணுக்கள் இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. ஸ்டீம் உடனுக்குடன் அவற்றைப் பிடித்துக் கார்பன் மோனாக்சைடாக்கி அனுப்பிவிடுகிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை வில்லை சுத்தமாக இருக்கும். ஸ்டீம் குறைந்த நொடியிலிருந்து செலவு நின்று வரவு மட்டும் தொடர்கிறது. மேலே காரைக்குடி மாணவிக்குச் சொன்ன இழைகள் வில்லைக்குள், அதன் நுண்துளைகளுக்குள் வளரத் தொடங்குகின்றன.

அந்த இழைக்கு இருக்கும் வலு சாதாரணமானதல்ல. நிக்கல் துகளை அது அடித்தளத்திலிருந்து பெயர்த்துத் தூக்கிவிடும். துளைக்குள் இடமில்லாமல் நெருக்கி, வில்லையையே உடைத்துவிடும். உடைந்த வில்லை தூளாகி இடைவெளிகளை அடைக்கும். அந்த டியூபில் மட்டும் வாயு ஓட்டம் குறையும். இங்கேதான் ஆபத்து. மீத்தேனும் ஸ்டீமும் சேரும் வினை ஒரு மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. வெளியே 1,000 டிகிரிக்கு மேல் எரியும் நெருப்பு டியூபை அழித்துவிடாமல் காப்பது அதுதான். ஓட்டம் குறைந்தால் விழுங்குவது குறையும், டியூப் சுவர் சூடேறும், சூடேறினால் இன்னும் கரி, இன்னும் அடைப்பு. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும்.

டியூபின் உலோகம் 25 சதவீதம் குரோமியமும் 35 சதவீதம் நிக்கலும் கலந்த விலையுயர்ந்த வார்ப்பு. 1,00,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். வடிவமைத்த சூட்டைவிட 20 டிகிரி அதிகமாகவே தொடர்ந்து ஓடினால், அந்த ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 20 டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும்போது 20-ஐத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும்.

கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல் ரூம் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்க முடியாது. முகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு, உலைச் சுவரிலுள்ள பீப்ஹோல் என்னும் பார்வைத் துளையின் மூடியைத் தள்ளினால், முதலில் கண்ணில் அடிப்பது வெளிச்சம் மட்டும்தான். சில நொடி பொறுத்தால் டியூப் வரிசை தெரியும்: மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி மங்கிய சிவப்பு. அதில் ஏதாவது ஒரு டியூபில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், முழங்கை நீளத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை வெளுத்துத் தெரிந்தால் அதுதான் ஹாட் பேண்ட். சிவப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக இருந்தால் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து என்போம். தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டரைப் பிடித்து, டியூப் எண்ணையும் சூட்டையும் லாக் புக்கில் எழுதுங்கள். முந்தைய ஷிப்டில் அதே எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

ஏன் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு? கீழ்முனைதானே அதிகச் சூடு என்று கேட்கத் தோன்றும். கீழே போவதற்குள் ஹைட்ரஜன் நிறைய உண்டாகிவிடுகிறது. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மீத்தேன் பிரிவதற்குத் தயங்கும். மேல் முனையில் ஹைட்ரஜன் குறைவு, ஆனால் சூடும் குறைவு. இரண்டுக்கும் நடுவே, மீத்தேன் இன்னும் நிறைய மிச்சமிருந்து, நெருப்பின் வேகமும் அதிகமாக இருக்கிற அந்த இடம்தான் வசமாக மாட்டுகிறது. டியூபின் மேல்பாதியில் பொட்டாஷ் சேர்த்த கேட்டலிஸ்டைப் போடுவது இதற்காகத்தான். பொட்டாஷ், ஸ்டீமை நிக்கல் பக்கத்தில் பிடித்து வைத்துக் கரியைத் துடைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது.

கந்தகத்தையும் மறந்துவிடாதீர்கள். ஃபீடில் கந்தகம் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று, கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜிங்க் ஆக்சைடு படுகையைப் பராமரிக்கிறோமே, அது நழுவினால் கந்தகம் நிக்கலை மூடிவிடும். வினை நின்றால் குளிர்ச்சி நிற்கும். ஸ்டீம் அளவு சரியாக இருந்தும் ஹாட் பேண்ட் வந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

பிறகு எரித்துக்கொள்ளலாமே என்றீர்கள். ஃபீடை நிறுத்தி, வெறும் ஸ்டீமை மட்டும் விட்டுச் சூட்டில் வைத்தால் புதுக் கரி பெருமளவு போய்விடும். அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் போவது கரி மட்டும்தான். உடைந்த வில்லை மறுபடி ஒட்டாது. பெயர்ந்த நிக்கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. நாள்பட்டு இறுகிய கரி ஸ்டீமுக்கும் எளிதில் அசையாது. ஆகவே உங்கள் மூத்தவர்கள் சொல்லும் வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: எடுக்கும்போது முதலில் ஸ்டீம், பிறகு கேஸ். நிறுத்தும்போது முதலில் கேஸ், பிறகு ஸ்டீம். அந்த டிரிப்பை பைபாஸ் செய்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு. முன்பு நம் நாட்டில் பல உர ஆலைகள், கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தா என்னும் திரவத்தில் ஓடின. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மீத்தேனைவிட மிகச் சுலபமாக உடைந்து கரி கொடுக்கும். மணலியில் உள்ள உர ஆலை 2019-ல்தான் நாப்தாவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. எரிவாயுவில் கரிக் கவலை குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

இல்லத்தரசி, அம்பத்தூர்: சிலிண்டரை விட்டுக் குழாய் கேஸுக்கு மாறினோம். அதிலிருந்து பாத்திரத்தின் அடி கறுக்கிறது. குழாய் கேஸில் கரி அதிகமா?

இல்லை. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். புகைக்கரி கக்குவதில் ஹைட்ரோகார்பன்களிலேயே கடைசி இடம் மீத்தேனுக்குத்தான். கோளாறு அடுப்பில் இருக்கிறது.

சுடரின் நடுப்பகுதியில் சூடு உண்டு, போதிய காற்று இல்லை. அங்கே மாட்டிய வாயு எரியாமல் பிரிந்து, கரித் துகளாகிறது. மஞ்சளாகத் தெரிவது அந்தத் துகள்கள் தகதகவென்று ஒளிர்வதுதான். சுரங்க விளக்குக்காகச் சுடர்களை ஆராய்ந்த ஹம்ஃப்ரி டேவி 1810-களிலேயே இதைக் கண்டு சொன்னார். துகள் சுடரின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எரிந்து மறையும். அதற்குள் குளிர்ந்த பாத்திரம் குறுக்கே வந்தால் அதில் அப்பிக்கொள்ளும்.

முதலில் ஜெட்டைப் பாருங்கள், அதாவது பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு துளையுள்ள முனையை. ஒரே கொள்ளளவுக்குக் குழாய் கேஸ் தரும் வெப்பம் சிலிண்டர் கேஸ் தருவதில் பாதிகூட இல்லை. அதனால் ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும், மாற்றும்போது புது ஜெட் போட வேண்டும். பழைய ஜெட்டையே கையால் துளைத்துப் பெரிதாக்கியிருந்தால் அளவு தாறுமாறாகி, வாயு அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகும். அடுத்து, பர்னருக்குப் போகும் குழாயில் காற்று நுழையும் வாயில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பொங்கிய பால் காய்ந்து பர்னர் துளைகளை மூடியிருந்தால், வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி எடுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் சுடர் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு மணம் கிடையாது. சரிசெய்யும்வரை ஜன்னலைத் திறந்து வைத்தே சமையுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை: சி.என்.ஜி. ஆட்டோ. என்ஜினைப் பிரித்தபோது பிஸ்டன் தலையில் கரி. கேஸ் சரியில்லை என்கிறார் மெக்கானிக்.

காற்றோடு நன்றாகக் கலந்து சிலிண்டருக்குள் போகும் மீத்தேன் அவ்வளவு கரி வைக்காது. பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஏறிவந்து எரியும் என்ஜின் ஆயிலின் கரியாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஆயில் குறைகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கல் பட்டை தீட்டுபவர், திருச்சி: எங்கள் தொழிலில் இப்போது லேப் வைரம் பற்றித்தான் பேச்சு. மீத்தேன் கேஸைச் சூடாக்கி வைரம் வளர்க்கிறார்களாம். நீங்கள் சொல்கிறபடி கரிதானே வர வேண்டும்?

வரும், வந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தின்று தீர்க்க ஓர் ஆளை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் அணுதான் அந்த ஆள்.

அறைக்குள் போகும் வாயுவில் மீத்தேன் நூற்றுக்குச் சில பங்குதான், மற்றதெல்லாம் ஹைட்ரஜன். குறைந்த அழுத்தத்தில் மைக்ரோவேவ் கொடுத்து அதைப் பிளாஸ்மாவாக்குகிறார்கள். கீழே 800 முதல் 1,000 டிகிரி சூட்டில் மெல்லிய வைரத் தகடு ஒன்று விதையாக இருக்கிறது. பிளாஸ்மாவில் ஹைட்ரஜன் மூலக்கூறு தனித்தனி அணுவாக உடைகிறது. தகட்டின் மேல் கார்பன் வைர அடுக்காகவும் இறங்கும், கிராஃபைட்டாகவும் இறங்கும். ஹைட்ரஜன் அணு கிராஃபைட்டை வேகமாக அரித்துவிடும், வைரத்தை அநேகமாகத் தொடாது. மிஞ்சுவது வைரம். ஆபரேட்டர் தம்பிக்கு ஸ்டீம் செய்கிற வேலையை இங்கே ஹைட்ரஜன் செய்கிறது, ஆனால் ஆள் பார்த்துச் செய்கிறது. ஜப்பானில் மட்சுமோட்டோ, செட்டாக்கா ஆகியோரின் குழு சூடான கம்பியைக் கொண்டு இதை நம்பகமாகச் செய்து 1982-ல் வெளியிட்ட பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

மணிக்குச் சில மைக்ரான், நல்ல கருவியில் சில பத்து மைக்ரான் என்றுதான் வளரும். ஒரு கல்லுக்கு வாரக்கணக்கில் ஆகும். வளர்ந்து வெளியே வரும் கட்டியை உங்களைப் போன்றவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நடுவில் தெளிவான கல், சுற்றிலும் கரடுமுரடாகக் கறுப்பு விளிம்பு. அந்த விளிம்பை லேசரால் அறுத்தெடுத்த பிறகே பட்டை தீட்ட வருகிறது.

இந்தத் துறைக்கான ஆய்வு மையத்துக்கு மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.யைத் தேர்ந்தெடுத்து, 2023-ல் ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. வாங்கி விற்பவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வெப்பம் கடத்துவதைப் பார்க்கும் கைக்கருவி இதையும் வைரம் என்றே காட்டும், ஏனென்றால் இது வைரம்தான். சுரங்கத்தில் எடுத்ததா, அறையில் வளர்த்ததா என்று தெரிய ஆய்வகச் சான்றிதழ் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி: மீத்தேனைப் பிரித்தால் ஹைட்ரஜனும் கரியும் என்றால், ஹைட்ரஜனை எரிபொருளாக்கி, கரியைத் திடப்பொருளாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாமே? புகையில்லாத வழி என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

டெல்டா மண்ணிலிருந்து இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் இருக்கிறது. மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற பகுதி உங்களுடையது. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமும் வந்தது. அந்த அக்கறையோடுதான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது.

வேதியியல் கணக்கில் குறை சொல்ல முடியாது. 16 கிலோ மீத்தேனில் 12 கிலோ கரி, 4 கிலோ ஹைட்ரஜன். ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு சுமார் 37 கிலோஜூல் போதும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் 286 வேண்டும். எங்கள் ரிஃபார்மர் வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, எரிபொருளையும் சேர்த்து, 9 முதல் 10 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இந்த வழியில் கார்பன், வாயுவாகப் போகாமல் கையில் நிற்கிறது. இதை ஒரு நல்ல யோசனை என்றே சொல்வேன்.

சிக்கல் உலைக்குள் இருக்கிறது. நிக்கலையோ இரும்பையோ வைத்துச் சூட்டைக் குறைத்தால், உண்டாகும் கரியே கேட்டலிஸ்டைப் புதைத்துவிடும். எரித்துச் சுத்தம் செய்தால், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதே கார்பன் டை ஆக்சைடு திரும்ப வந்துவிடும். இதற்குச் சிலர் உருகிய உலோகத்துக்குள் மீத்தேனைக் குமிழியாக விடுகிறார்கள். உலோகத்தைவிடக் கரி எடை குறைந்தது; பால்மேல் ஆடை போல மேலே மிதக்கும், வழித்தெடுக்கலாம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருகிய வெள்ளீயத்தில் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகக் குழு நிக்கலும் பிஸ்மத்தும் கலந்த உருகலில், 1,065 டிகிரியில், 95 சதவீத மீத்தேனைப் பிரித்துக் காட்டி 2017-ல் வெளியிட்டது. நெப்ராஸ்காவில் ஒரு நிறுவனம் மின்சாரப் பிளாஸ்மாவால் பிரித்து, கரியை டயர்த் தொழிலுக்கு விற்கும் முயற்சியில் இறங்கியது.

அடுத்தது கரியின் அளவு. உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் பயன்படுத்துகிறது. அத்தனையையும் இப்படிச் செய்தால் 27 கோடி டன்னுக்கு மேல் கரி சேரும். டயருக்கும் அச்சு மைக்கும் உலகம் வாங்கும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னை ஒட்டித்தான். மிச்சத்தைப் புதைக்கத்தான் வேண்டும். புதைக்கலாம், கார்பன் டை ஆக்சைடைப் புதைப்பதைவிட அது எளிது.

ஆனால் விளம்பரத்தில் வராத ஒன்று கசிவு. கிணற்றிலிருந்து உலைவரை வரும் வழியில் தப்பிப்போகும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கசிவு சில சதவீதம் இருந்தாலே உலையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். எந்த நிறுவனமாவது உங்கள் ஊருக்கு வந்து இது சுத்தமான வழி என்று சொன்னால், கரியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கசிவை யார் அளக்கிறார்கள், அந்தக் கணக்கை எங்கே வெளியிடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும்.

விவசாயி, பொள்ளாச்சி: சாண எரிவாயு அடுப்பின் பித்தளை பர்னர் கறுத்துப்போகிறது. இதுவும் மீத்தேன் கரியா?

சந்தேகம்தான். சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. வாயு இப்படி நீர்த்துப்போயிருப்பதால் சுடரில் புகைக்கரி உண்டாவது மிகக் குறைவு. ஆனால் அதில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கிறது. அது பித்தளையிலுள்ள செம்பைக் கறுப்பாக்கிவிடும். அடுப்பு ஆறிய பிறகு காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வந்து பித்தளை தெரிந்தால் புகைக்கரி. பர்னரைச் சுத்தம் செய்தால் போதும். துணி அதிகம் அழுக்காகாமல் கறுப்பு பித்தளையிலேயே ஒட்டி நின்றால் கந்தகத்தின் வேலை. அப்படியானால் எரிவாயு வரும் வழியில், துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய ஒரு டப்பாவைப் பொருத்திக்கொள்ளுங்கள். செம்பழுப்பாக இருக்கும் துரு முழுவதும் கறுத்ததும் சீவலை மாற்றிவிடுங்கள். எடுத்த சீவலைச் சாக்கிலோ வைக்கோலிலோ போட்டு வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் அது தானாகச் சூடேறும். தண்ணீர் தெளித்து வெறும் தரையில் பரப்புங்கள்.